மர்மக்கதை படிச்சா தப்பா?



அறிவியல் புத்தகத்துக்கு நடுவில் கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்து, எப்போதாவது படித்திருக்கிறீர்களா? "ஐயையோ, நான் இல்லை!" என்று அவசரமாகத் தலையை ஆட்டாதீர்கள். உங்கள் முகமே காட்டிக் கொடுக்கிறது!

எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டையில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் மாலை, அவனுடைய அம்மா அவன் கையைப் பிடித்து என் வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார்.

"அண்ணே, இவனைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க. நாலு நாள்ல பரீட்சை. இவன் என்னடான்னா அறிவியல் புத்தகத்துக்குள்ள திருடன் போலீஸ் கதையை வச்சு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிக்கிறான்!"

அவர் கையில் இருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நூலக முத்திரை குத்திய பழைய புத்தகம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் தமிழாக்கம். முனைகள் மடங்கி, அட்டை கிழிந்து, நிறையப் பேர் படித்த அடையாளத்தோடு இருந்தது.

பையன் தலையைக் குனிந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா... மர்மக்கதை படிச்சா தப்பா?"

நல்ல கேள்வி! இதை உங்களில் பலரும் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

தப்பே இல்லை! ஆனால், எதைப் படிப்பது, எப்போது படிப்பது, எப்படிப் படிப்பது என்று தெரிந்து படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சும்மா... ஜாலிக்குப் படிக்கலாமா?

"கதை படித்தால் அறிவு வளரும், மார்க் வரும்" என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். முதல் காரணம், ஜாலி! பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டுப்பாடம் என்று நாள் முழுவதும் ஓடுகிறீர்கள். கொஞ்ச நேரம் வேறு ஓர் உலகத்துக்குப் போய்விட்டு வந்தால் மனசு லேசாகும். ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது போல!

"இது பிரச்னையை விட்டுத் தப்பி ஓடுவது ஆகாதா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு நிஜக் கதை சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். 1940 செப்டம்பரில் இருந்து லண்டன் நகரத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்டன. கிழக்கு லண்டனில் உள்ள பெத்னல் க்ரீன் என்ற பகுதியில், பொது நூலகத்தின் மீதே குண்டு விழுந்தது. மக்கள் உயிர் பிழைக்க, அப்போது கட்டி முடிக்கப்படாமல் இருந்த சுரங்க ரயில் நிலையத்துக்குள் போய்த் தங்கினர். அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தனர் தெரியுமா? தண்டவாளத்துக்கு மேலே பலகை போட்டு, அங்கேயே ஒரு குட்டி நூலகம் அமைத்துவிட்டனர்!

மேலே குண்டு... கீழே புத்தகம்! யோசித்துப் பாருங்கள். அந்த மக்கள் கோழைகளா? இல்லவே இல்லை. பகலில் வேலைக்குப் போனார்கள், இடிபாடுகளை அகற்றினார்கள், காயம் பட்டவர்களுக்கு உதவினார்கள். இரவில் கொஞ்ச நேரம் மனசுக்கு ஓய்வு தேவைப்பட்டது. புத்தகம் அதைக் கொடுத்தது.

அதே போர்க்காலத்தில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மர்ம நாவல்களும் எழுதிக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. உலகப் புகழ் பெற்ற அகதா கிறிஸ்டிதான் அவர்! தன் கதைகளில் விஷ மருந்துகளைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுத, மருந்தகத்தில் வேலை பார்த்த அனுபவம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

பையன் சொன்ன காரணம்

சரி, நம் பக்கத்து வீட்டுப் பையனிடம் வருவோம். அம்மா வீட்டுக்குப் போனதும் அவனிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்ப்பா, பரீட்சை நேரத்துல பதினோரு மணி வரைக்கும் படிக்கிற அளவுக்கு அந்தக் கதையில என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்.

"தாத்தாவை ஆஸ்பத்திரியில சேர்த்து பத்து நாள் ஆச்சு மாமா. என்ன உடம்புக்குன்னு கேட்டா, 'நீ சின்னப் பையன், போய்ப் படி'ன்னு சொல்றாங்க. எல்லாரும் மெதுவா மெதுவா பேசிக்கிறாங்க. படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது. இந்தக் கதையில கடைசிப் பக்கத்துல எல்லாம் தெரிஞ்சுடும்ல... அதான் படிக்கிறேன்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, குட்டீஸ்.

மர்மக்கதையின் ரகசியமே அவன் சொன்னதுதான்! நம் வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்கு உடனே பதில் கிடைப்பதில்லை. தாத்தாவுக்கு எப்போது குணமாகும்? அப்பாவும் அம்மாவும் ஏன் சண்டை போடுகிறார்கள்? சிநேகிதி ஏன் இரண்டு நாளாகப் பேசவில்லை? பதில் தெரியாமல் மனசு தவிக்கும். மர்மக்கதையிலும் முதல் பக்கத்தில் எல்லாம் குழப்பம்தான். ஆனால், ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் முடிச்சை அவிழ்த்துவிடுவார். படித்து முடித்ததும் நமக்கு ஒரு நிம்மதி. "குழப்பம் என்று ஒன்று இருந்தால், அதற்கு விடை என்றும் ஒன்று இருக்கும்" என்ற தைரியம்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கதை உங்கள் கவலையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கும். ஆனால், அதைத் தீர்த்து வைக்காது. அதற்கு நீங்கள் வாய் திறந்து பேசத்தான் வேண்டும். அம்மா, அப்பா, பாட்டி, டீச்சர் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல முடியாத பெரிய பிரச்னை என்றால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது.

அன்று மாலையே அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். அன்றிரவு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாத்தாவுக்கு என்ன உடம்பு, டாக்டர்கள் என்ன சிகிச்சை தருகின்றனர் என்று மறைக்காமல் சொன்னாராம். மறுநாள் மருத்துவமனைக்கும் அழைத்துப் போனாராம். அன்று அவன் ஒன்பதரை மணிக்கே தூங்கிவிட்டான்!

பெரியவர்களே, இந்தப் பக்கத்தை நீங்களும் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டால், புத்தகத்தைப் பிடுங்கும் முன், "என்னப்பா விஷயம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்!

செல்போன் இருக்கே... அது போதாதா?

"ஜாலிக்குத்தான் செல்போனில் வீடியோ இருக்கிறதே, புத்தகம் எதற்கு?" என்று சில வாண்டுகள் கேட்கலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீடியோவில் யாரோ ஓடுவார்கள், யாரோ குதிப்பார்கள். நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். மர்மக்கதையில் துப்பறிவாளரோடு சேர்ந்து நீங்களும் வேலை பார்க்க வேண்டும். வாசலில் கிடந்த சேற்றைப் பார்த்தாரே, ஏன்? அந்தப் பாட்டி கேட்காமலே பதில் சொன்னாரே, ஏன்? கடிகாரம் ஏன் நின்று போயிருந்தது? உங்கள் மூளை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால், அசதியே தெரியாது!

இந்த விளையாட்டுக்கு விதிமுறைகளும் உண்டு, தெரியுமா? இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். அவரும் துப்பறியும் கதைகள் எழுதியவர். 1929ல் அவர், துப்பறியும் கதை எழுதுபவர்களுக்குப் பத்து விதிகள் வகுத்தார். பேய், பிசாசு வந்து குற்றம் செய்ததாக முடிக்கக் கூடாது. துப்பறிவாளர் கண்ணில் பட்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். அதாவது, கதாசிரியருக்கும் உங்களுக்கும் நடுவில் நேர்மையான ஒரு போட்டி! அவருக்குத் தெரிந்த தடயங்கள் எல்லாம் உங்களுக்கும் தெரியும். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், நீங்கள்தான் ஜெயித்தீர்கள்!

எதைப் படிக்கலாம்?

வாங்க, பட்டியலுக்குப் போவோம். ஒன்றுக்கும் முடிவைச் சொல்ல மாட்டேன். கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்!

எட்டு முதல் பத்து வயது வாண்டுகளுக்கு:

ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், ஈனிட் பிளைட்டன் எழுதிய 'சீக்ரெட் செவன்' வரிசையைத் தொடங்கலாம். ஏழு பிள்ளைகள், ஸ்கேம்பர் என்ற ஒரு நாய், தோட்டத்தில் ஒரு கொட்டகை, உள்ளே நுழைய ஒரு ரகசியச் சொல்! 1949ல் முதல் புத்தகம் வந்தது. மொத்தம் 15 புத்தகங்கள். எளிய ஆங்கிலம். இதை முடித்தவர்கள் அதே ஆசிரியரின் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசைக்குத் தாவலாம். அதில் 21 புத்தகங்கள் உண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. இவை பழைய காலத்துக் கதைகள். வெளியூர்க்காரர், ஏழை, நாடோடி என்றால் சந்தேகப்படு என்பது போன்ற எண்ணங்கள் சில இடங்களில் எட்டிப் பார்க்கும். நல்ல துப்பறிவாளர் ஆளின் தோற்றத்தைப் பார்த்துச் சந்தேகப்பட மாட்டார், தடயத்தைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவார். அப்படிப்பட்ட இடம் வந்தால், "இது தப்பு" என்று பென்சிலால் ஒரு குறி போடுங்கள். நூலகப் புத்தகம் என்றால் மனசுக்குள் போடுங்கள்!

படம் பார்த்துக்கொண்டே படிக்க ஆசையா? நம் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகாசி, பட்டாசுக்கு மட்டும் பேர் போன ஊர் இல்லை. 1972ல் அங்கிருந்துதான் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவரத் தொடங்கியது. 1984ல் லயன் காமிக்ஸ் வந்தது. உங்கள் அப்பாவிடம், மாமாவிடம் 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் கண்ணில் ஒரு மின்னல் அடிக்கும்! பழைய காமிக்ஸ் பரணில் கிடக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் ஒரு துப்பறியும் வேலைதான்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு:

முதல் சிபாரிசு, ஃபெலுடா! உலகப் புகழ் பெற்ற சினிமா இயக்குநர் சத்யஜித் ரேயைத் தெரியுமா? அவருடைய தாத்தா தொடங்கிய சிறுவர் பத்திரிகையின் பெயர் 'சந்தேஷ்'. நின்று போயிருந்த அந்தப் பத்திரிகையை ரே 1961ல் மறுபடியும் தொடங்கினார். அதில் 1965ல் அறிமுகமானவர்தான் ஃபெலுடா என்ற வங்காளத் துப்பறிவாளர். கூடவே தபேஷ் என்ற தம்பி. அவன்தான் நமக்குக் கதை சொல்பவன்.

'தங்கக் கோட்டை' என்ற கதையில், ஒரு சின்னப் பையன், "போன ஜென்மத்தில் நான் தங்கக் கோட்டை இருக்கும் ஊரில் வாழ்ந்தேன்" என்கிறான். அதைக் கேட்டுச் சில கெட்டவர்கள் அவனைத் தேடிக் கிளம்புகிறார்கள். ஃபெலுடா ராஜஸ்தான் பாலைவனத்துக்கு ரயில் ஏறுகிறார். பிறகு? ம்ஹூம், சொல்ல மாட்டேன்! ஃபெலுடா கதைகள் தமிழிலும் வந்திருக்கின்றன. ரத்தம், பயங்கரம் அதிகம் இல்லாமல், ஊர் சுற்றிப் பார்த்த சந்தோஷத்தோடு படிக்கலாம்.

அடுத்தது, ஜெர்மனியில் 1929ல் வந்த 'எமிலும் துப்பறிவாளர்களும்'. எழுதியவர் எரிக் கேஸ்ட்னர். அம்மா கஷ்டப்பட்டுச் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு பாட்டி ஊருக்கு ரயிலில் போகிறான் எமில். கண் அசந்த நேரத்தில் பணம் காணோம்! பெர்லின் நகரத்துப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து திருடனைத் துரத்துகிறார்கள். பெரியவர்கள் இல்லாமல், பிள்ளைகளே துப்பறிந்த கதைகளில் இது முன்னோடி. 1933ல் ஹிட்லரின் ஆட்கள் கேஸ்ட்னரின் புத்தகங்களை நடுத்தெருவில் போட்டு எரித்தனர். ஆனால் எமிலின் கதை மட்டும் தப்பித்துக்கொண்டது. அந்த அளவுக்கு மக்கள் அவன் மேல் பாசமாக இருந்தனர்!

நம் ஊர்ப் பக்கத்துக் கதை வேண்டுமா? உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' படியுங்கள். கீழடி மண்ணில் புதைந்திருந்த பழங்காலத்தோடு ஒரு சிறுவனைச் சந்திக்க வைக்கும் கதை. 2023ல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. இது திருடனைப் பிடிக்கும் கதை அல்ல. ஆனால், "இங்கே யார் வாழ்ந்தார்கள்?" என்பதை விடப் பெரிய மர்மம் வேறு என்ன இருக்கிறது? படித்த பிறகு, கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய், 'ஆதன்' என்று பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்த ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மதுரையில் இருந்து பக்கம்தான்.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்களுக்கு:

வேறு யார்? ஷெர்லாக் ஹோம்ஸ்தான்! ஆர்தர் கோனன் டாயில் எழுதிய நாவல்கள் 4, சிறுகதைகள் 56. முதல் நாவல் வந்தது 1887ல். எடுத்த எடுப்பில் நாவலுக்குப் போகாமல் சிறுகதைகளில் தொடங்குங்கள். 'நீலக் கல்' கதையில் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய வாத்தின் வயிற்றுக்குள் இருந்து விலை மதிப்பில்லாத ரத்தினம் வருகிறது! 'செந்தலையர் சங்கம்' கதையில், தலைமுடி சிவப்பாக இருக்கிறது என்பதற்காகவே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்! ஏன்? அதுதான் மர்மம்.

ஒரு சுவையான செய்தி. ஹோம்ஸ் கதை எழுதி எழுதிச் சலித்துப் போன டாயில், 1893ல் அவரை அருவியில் விழுந்து இறந்ததாக எழுதிவிட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். பலர் அந்தப் பத்திரிகையை வாங்குவதையே நிறுத்தினர். கடைசியில் 1903ல் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வாசகர்களின் சக்தி பார்த்தீர்களா?

தமிழில் வேண்டும் என்றால், தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் இருக்கிறார். தேவகோட்டையில் பிறந்தவர் தமிழ்வாணன். 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளம். 'துணிவே துணை' அவருடைய தாரக மந்திரம். சங்கர்லாலுக்கோ தேநீர்தான் உயிர்! தேநீர் குடித்தால்தான் அவருக்கு மூளை வேலை செய்யும். அந்தக் காலத்தில் உங்கள் தாத்தா, பாட்டிகள் அடித்துப் பிடித்துப் படித்த கதைகள் அவை.

எதை இப்போது வேண்டாம்?

கடைகளில் தொங்கும் பாக்கெட் நாவல்கள் எல்லாம் உங்களுக்கானவை அல்ல. சுஜாதா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாரும் தமிழில் பிரமாதமாக மர்மக்கதை எழுதியவர்கள்தான். நம் மதுரையிலேயே வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு' டிவி தொடராக வந்தபோது, தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆனால், இவர்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்காக எழுதினார்கள். அவை எங்கும் ஓடிப் போய்விடாது. கல்லூரிக்குப் போகும்போது உங்களுக்காகக் காத்திருக்கும். அவசரம் வேண்டாம்!

இன்னும் மூன்று விஷயங்கள்...

ஒன்று, படிக்கும்போது பயம் வந்து ராத்திரி தூக்கம் கெட்டால், அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். பாதியில் நிறுத்துவது அவமானம் இல்லை. அடுத்த வருஷம் படிக்கலாம்.

இரண்டு, ஒளித்து வைத்துப் படிக்காதீர்கள். "அம்மா, வீட்டுப்பாடம் முடிச்சுட்டேன். அரை மணி நேரம் கதை படிக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி அம்மாக்கள் சரி என்பார்கள். மீதிப் பாதி அம்மாக்கள், "கால் மணி நேரம்" என்பார்கள். எப்படியும் லாபம் உங்களுக்குத்தான்!

மூன்று, பரீட்சை நெருக்கத்தில் நாவலை எடுக்காதீர்கள். சிறுகதை எடுங்கள். ஒரே மூச்சில் முடிந்துவிடும். நாவல் என்றால் பாடத்தின் நடுவிலும், "யார் குற்றவாளி?" என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும்!

மதுரையில் அவசரமாக முடித்த வழக்கு

ஜாலிக்காகத்தான் படிக்கச் சொன்னேன். ஆனாலும், ஜாலியாகப் போய்விட்டுத் திரும்பும்போது கையில் ஒரு பரிசும் சேர்ந்து வரும். அது என்ன பரிசு என்று நம் மதுரைக் கதையை வைத்தே சொல்கிறேன்.

சிலப்பதிகாரம் தெரியும்தானே? மனைவி கண்ணகியின் கால் சிலம்பை விற்க மதுரைக்கு வருகிறான் கோவலன். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனோ, பழியைத் தூக்கிக் கோவலன் மேல் போடுகிறான். பாண்டிய மன்னன் விசாரிக்கவில்லை. கோவலன் கொல்லப்படுகிறான். பிறகு கண்ணகி அரசவைக்கு வந்து, "என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல்" என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பதோ முத்து! சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. உண்மை தெரிந்து மன்னன் அங்கேயே உயிர் விடுகிறான்.

இதை ஒரு துப்பறிவாளர் கண்ணோடு பாருங்கள். புகார் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் உண்மை சொல்கிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலம்புக்குள் என்ன பரல் என்று ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி... "உள்ளே என்ன இருக்கிறது?" அதைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஊரே பிழைத்திருக்கும்!

மர்மக்கதை நிறையப் படித்தவர்கள் இந்தத் தப்பைச் சுலபமாகச் செய்ய மாட்டார்கள். கதையில் எப்போதும், முதலில் மாட்டிக்கொள்பவர் உண்மையான குற்றவாளியாக இருக்க மாட்டார் அல்லவா? அதனால், வகுப்பில் ஒருவரின் பேனா காணாமல் போனால், "அவன்தான் எடுத்திருப்பான், அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று யாராவது சொல்லும்போது உங்கள் வாய் சும்மா இருக்காது. "நீ பார்த்தியா? தடயம் எங்கே?" என்று கேட்பீர்கள். பாதி நேரம் பேனா, தொலைத்தவரின் பைக்குள்ளேயே கிடக்கும்!

ஒரு நண்பனைத் திருட்டுப் பழியில் இருந்து காப்பாற்றுவது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?

ஒரு விளையாட்டு

அடுத்த முறை மர்மக்கதை படிக்கும்போது, பழைய நோட்டு ஒன்றை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் 'யார்?', இரண்டாவதில் 'ஏன்?', மூன்றாவதில் 'எப்படி?' என்று எழுதுங்கள். சந்தேகம் வரும் ஒவ்வொரு ஆளையும் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடி, உங்கள் தீர்ப்பை எழுதி மடித்து வைத்துவிட்டு, பிறகு படியுங்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படித்தால் இன்னும் ஜோர்!

கதை முடிந்துவிட்டதா? துப்பறிய லண்டனுக்குப் போக வேண்டாம், வெளியே வாருங்கள். எங்கள் ஊரில் பாம்பு படுத்திருப்பது போல நீளமாகக் கிடக்கிறது நாகமலை. சிவபெருமானால் மலையாக மாறிப் போன பாம்பு என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. கொஞ்ச தூரத்தில், கீழக்குயில்குடியில் சமணர் மலை. அங்கே பாறையில் ஆயிரம் வருஷங்களுக்கு முந்தைய சமணச் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில், அந்தச் சிற்பத்தைச் செய்யச் சொன்னவர் யார் என்ற பெயர்! அவர்கள் எங்கே இருந்து வந்தார்கள்? ஏன் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்? கேள்வி கேட்டுக்கொண்டே படி ஏறிப் பாருங்கள். ஒரு நிபந்தனை. தயவுசெய்து உங்கள் பெயரைப் பாறையில் கிறுக்கிவிட்டு வராதீர்கள். நல்ல துப்பறிவாளர் தடயத்தைக் கெடுக்க மாட்டார்!

புத்தகம் வாங்கக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகலாம். மதுரைக்காரர்களுக்குச் சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புது நத்தம் சாலையில், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகளுக்கு என்றே தனிப் பிரிவு உண்டு. ஒரு விடுமுறை நாளில் அப்பாவை நச்சரித்துக் கூட்டிப் போங்கள்!

முடிவைச் சொல்லிடாதே!

கடைசியாக, நம் பையனின் கதைக்கும் முடிவு சொல்ல வேண்டுமே. இந்த ஒரு முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சையில் கணக்கில் கொஞ்சம் மார்க் குறைந்தது. அம்மாவிடம் திட்டு வாங்கினான். நியாயம்தான்! தாத்தா மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. சின்ன வயதில் கல்கண்டு வாங்க வாராவாரம் கடை வாசலில் காத்து நின்றவர் அவர். அதைக் கேள்விப்பட்டதும், பையன் நூலகத்தில் தேடி ஒரு சங்கர்லால் புத்தகத்தை எடுத்து வந்துவிட்டான்.

இப்போது தினமும் மாலையில், வீட்டுப்பாடம் முடிந்ததும் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறான். நேற்று அந்தப் பக்கம் போகும்போது திண்ணையில் இருந்து தாத்தாவின் குரல் கேட்டது.

"டேய், நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டேன்னு எனக்குத் தெரியும். முடிவை மட்டும் சொல்லிடாதே!"

என்ன குட்டீஸ்... இந்த வாரம் எந்த மர்மத்தைத் துப்பறியப் போகிறீர்கள்?